இந்தக் கரி வேற

நெய்வேலிக்காரங்க கிட்ட 'கரி' என்று சொன்னால் என்ன ஞாபகம் வரும்? பழுப்பு நிலக்கரி. சுரங்கம், பக்கெட் வீல், கன்வேயர் பெல்ட், ஷிஃப்ட் முடிந்து தூசியோடு வரும் அப்பா. இதையே ஸ்கூல் தமிழ் ஐயாவிடம் கேட்டிருந்தால் வேறு அர்த்தம் சொல்லியிருப்பார். கரம் உடையது கரி, அதாவது தும்பிக்கையைக் கையாக வைத்திருக்கும் யானை. செய்யுள் மனப்பாடம் பண்ணின காலத்தில் படித்திருப்பீர்கள், பரீட்சை முடிந்ததும் மறந்திருப்பீர்கள்.

இந்த இரண்டாவது கரியை வைத்து ஒருத்தர் 1922-ல் நியூயார்க்கில் ஒரு குழந்தைகள் புத்தகம் போட்டார். 'கரி தி எலிஃபென்ட்'. படங்களோடு வந்த சின்னப் புத்தகம். எழுதியவர் அமெரிக்கர் இல்லை, வங்காளி. பெயர் தன் கோபால் முகர்ஜி. (தமிழில் எழுதினால் 'தன்னுடைய கோபால்' மாதிரி இருக்கிறது, என்ன பண்ண. அது தனம் என்கிற 'தன்'.) ஆறு வருஷம் கழித்து, 1928-ல், அமெரிக்காவில் குழந்தை இலக்கியத்துக்குத் தரும் மிகப் பெரிய பரிசான நியூபெரி பதக்கம் இவருக்குக் கிடைத்தது. அதை வாங்கிய முதல் இந்தியர் இவர்தான்.

நம்ம மேகஸினில் எதுக்கு இவரைப் பற்றி எழுதணும் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கு. இவரும் நம்மைப் போல மெஷின் படிக்கப் போனவர்தான். அதுவும் வெளிநாட்டுக்கு. அங்கே எதையோ பார்த்துவிட்டு அதை அப்படியே விட்டவர். என்ன பார்த்தார் என்பதற்கு வருகிறேன்.

பிறந்தது 1890 ஜூலை 6. கல்கத்தாவுக்குப் பக்கத்தில், காட்டின் ஓரத்தில் இருந்த ஒரு கிராமம். அப்பா வக்கீல். உடம்பு சரியில்லாமல் போனதால் தொழிலை விட்டுவிட்டு சங்கீதம் படித்தார், ஊர்க் கோவில் பூஜையும் அவர் பொறுப்பு. பூசாரி வீட்டுப் பையன் என்பதால் பூணூல், மந்திரம், அப்புறம் கொஞ்ச காலம் துறவி மாதிரி ஊர் ஊராகப் போய்ப் பிச்சை எடுத்துச் சாப்பிடுவது என்று குடும்ப வழக்கம் எல்லாம் நடந்தது. அந்த வாழ்க்கை பையனுக்கு ஒட்டவில்லை. பழசையே பிடித்துக்கொண்டு இருப்பதாகத் தோன்றியது. கல்கத்தாவுக்குப் படிக்கப் போய்விட்டார்.

ஆனால் அந்தக் காட்டோரம் மட்டும் அவரை விடவே இல்லை. பின்னாடி எழுதின கதைகளில் முக்கால்வாசி அங்கிருந்து வந்ததுதான்.

கல்கத்தாவில் அண்ணன் ஜாதுகோபால். மருத்துவம் படித்தவர், கூடவே யுகாந்தர் என்கிற புரட்சி அமைப்பின் முக்கியமான ஆள். வங்காளத்தை கர்சன் இரண்டாகப் பிரித்தது 1905-ல். அந்தக் கோபத்தில்தான் சுதேசி இயக்கம் பெரிசாச்சு. நம்ம பக்கம் வ.உ.சி. 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தார் இல்லையா, அதே அலைதான். அப்போது வங்காளத்தில் ஒரு யோசனை ஓடியது. வெள்ளைக்காரன் துணியை எரித்தால் மட்டும் போதாது, நாமே துணி நெய்யணும், நாமே மெஷின் ஓட்டணும். அதை யாரிடம் கத்துக்கறது? பிரிட்டிஷ்காரன் சொல்லித் தர மாட்டான். ஜப்பான் அப்பத்தான் ரஷ்யாவைப் போரில் ஜெயித்திருந்தது. ஆசிய நாடு ஒன்று ஐரோப்பிய வல்லரசைத் தோற்கடித்துவிட்டது என்று இந்தியா முழுக்கப் பேச்சு. சரி, ஜப்பானுக்கு அனுப்பு பையன்களை. இதற்காகவே சங்கம் வைத்துப் பணம் திரட்டி மாணவர்களை அனுப்பினார்கள்.

அப்படித்தான் தன் கோபாலும் தொழில் இயந்திரங்களைப் பற்றிப் படிக்க ஜப்பான் போனார். நாட்டுக்காக இன்ஜினியரிங் படிக்கக் கப்பலேறின ஆள். நம்மில் எத்தனை பேர் அப்படிச் சொல்லிக்க முடியும்? கவுன்சிலிங்கில் கிடைத்ததை எடுத்தவர்கள்தானே பாதிப் பேர்.

ஆரம்பத்தில் அவருக்கு எல்லாம் ரொம்பப் பிடித்திருந்தது. மெஷின் பொய் சொல்லாது. மந்திரம் சொன்னால் மழை வருமா வராதா என்கிற சந்தேகம் அங்கே இல்லை. கொடுத்ததுக்குக் கணக்காகத் திருப்பித் தரும். அப்புறம் ஃபேக்டரிக்குள் நின்று பார்க்கப் பார்க்க வேறு ஒன்று கண்ணில் பட்டது. வரிசையாக நிற்கும் ஆட்கள், ஒவ்வொருத்தருக்கும் ஒரே ஒரு சின்ன அசைவு, நாள் முழுக்க அதே அசைவு. அதில் ஒருத்தருக்கு விபத்து. பலத்த காயம். அவரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், அவர் இடத்தில் உடனே இன்னொருத்தர் வந்து நிற்கிறார். மெஷின் நிற்கவில்லை. அடிபட்டவருக்கு வைத்தியம் யார் பார்ப்பது, குடும்பத்துக்கு என்ன தருவது, இதெல்லாம் முதலாளியின் கணக்கிலேயே இல்லை.

இன்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் பேப்பரில் நாம் எஃபிஷியன்ஸிக்கு ஃபார்முலா எழுதுகிறோம், லைன் பேலன்ஸிங் கணக்குப் போடுகிறோம். ஒரு ஸ்டேஷனில் ஆள் இல்லையென்றால் இன்னொரு ஆள், ஐடில் டைம் குறையணும், அவ்வளவுதான். கணக்கு தப்பு இல்லை. தன் கோபால் அந்தக் கணக்கின் உள்ளே ஒரு முகத்தைப் பார்த்துவிட்டார். ஷிஃப்ட் வேலைக்குப் போகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வேலை நேரத்தில் இழப்பீடு, இன்ஷூரன்ஸ், பாதுகாப்பு விதி என்று இன்றைக்கு இருக்கும் ஒவ்வொன்றும் அப்போது இல்லாமல் இருந்ததுதான். யாரோ போராடி வந்தது.

அவர் போராடவில்லை. அதையும் சொல்லிடணும். கப்பல் ஏறி சான்பிரான்சிஸ்கோ போய்விட்டார். வயசு இருபது.

அமெரிக்காவில் 1910-ல் பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கையில் காசு கிடையாது. பாத்திரம் கழுவினார், வீட்டு வேலை பார்த்தார், லீவில் வயலுக்குப் போய் இந்தியக் கூலிகளோடு சேர்ந்து அறுவடை செய்தார். வீட்டில் துடைப்பத்தையே தொட்டிராத ஐயர் வீட்டுப் பையன் அடுத்தவர் தட்டைக் கழுவினான் என்பதை அவரே பின்னால் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார். எம்எஸ் படிக்கப் போய் பார்ட் டைமில் பெட்ரோல் பங்கில் நிற்கும் உங்க சீனியர்களிடம் கேட்டுப் பாருங்க, நூறு வருஷத்தில் பெரிசா எதுவும் மாறவில்லை என்பார்கள். அங்கே அவருக்கு அமைந்த நண்பர்கள் காசில்லாத ஓவியர்கள், அராஜகவாதிகள், மேடை போட்டுப் பேசுகிற ஆட்கள். கடைசியில் 1914-ல் ஸ்டான்ஃபோர்டில் பட்டம் வாங்கினார். மெஷினில் இல்லை, தத்துவத்தில்.

கவிதை எழுதினார், நாடகம் எழுதினார். அது பெரிசா ஓடவில்லை. 1918-ல் எதல் ரே டுகன் என்கிற அமெரிக்கப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார், அவர் ஆசிரியை. ஒரு மகன். பிறகு நியூயார்க் பக்கம் குடிபெயர்ந்தார்கள். அங்கேதான் இந்த ஆளுக்கு என்ன எழுத வரும் என்பது அவருக்கே தெரிந்தது.

இப்போ கரிக்கு வருவோம்.

கதை சொல்லும் பையனுக்கு ஒன்பது வயசு. அவனிடம் ஒரு குட்டி யானையை ஒப்படைக்கிறார்கள், அதற்கு ஐந்து மாசம். ஆற்றில் குளிப்பாட்டுவது, இளங்கிளையாகப் பார்த்து வெட்டிப் போடுவது எல்லாம் இவன் வேலை. நல்ல கிளைக்காக மரம் மரமாக ஏறவேண்டி வரும், வெட்டும்போது சிதைந்துபோன கிளையை யானை தொடாது. ஒரு தடவை ஆற்றில் மூழ்கும் ஒருத்தனைக் காப்பாற்ற கரி உதவுகிறது. இன்னொரு தடவை வீட்டுக்குள் தும்பிக்கையை விட்டு வாழைப்பழம் திருடி மாட்டிக்கொள்கிறது. ஒரு குரங்கும் உண்டு. யானை, குரங்கு, பையன் மூவரும் காசி வரைக்கும் ஊர் சுற்றுகிறார்கள்.

படிக்கும்போது ஒரு விஷயம் கவனித்தேன். யானையை எப்படிப் பழக்குவது என்று பக்கம் பக்கமாக வருகிறது. உட்காரச் சொல்ல என்ன செய்யணும், நடக்கச் சொல்ல என்ன, காட்டுக்குள் அவசரமாகக் கூப்பிட என்ன சத்தம். ஏறக்குறைய யூஸர் மேன்யுவல் மாதிரி இருக்கும். ஆனால் நடுவில் ஒரு எச்சரிக்கை திரும்பத் திரும்ப வருகிறது. யானையை நியாயமில்லாமல் தண்டித்தால் அது மறக்காது. தப்பு பண்ணின அன்றைக்கே, அந்தத் தப்புக்கு மட்டும் தண்டிக்கணும். மெஷினுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. மெஷினுக்கு அவமானம் தெரியாது. ஜப்பானில் பார்த்ததை இவர் இங்கே யானை மேல் ஏற்றி அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சொல்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

முடிவும் அப்படித்தான். வளர்ந்த கரியை மரம் அறுக்கும் இடத்துக்கு வேலைக்கு அனுப்புகிறார்கள். அங்கே மனிதர்கள் செய்த மூடத்தனத்தால் அதற்கு வெறி பிடிக்கிறது. காட்டுக்குள் ஓடிவிடுகிறது. அவ்வளவுதான். டிஸ்னி மாதிரி கடைசி சீனில் திரும்பி வந்து கட்டிப்பிடிக்காது. சின்னப் பசங்க புத்தகத்தை இப்படி முடிக்க 1922-ல் ஒரு தைரியம் வேணும்.

கிப்ளிங்கை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 'ஜங்கிள் புக்' 1894-ல் வந்தாச்சு. இந்தியக் காடு என்றாலே மேற்கத்தியக் குழந்தைக்கு மௌக்லியும் ஷேர் கானும்தான். கிப்ளிங் பம்பாயில் பிறந்தவர், கதை சொல்வதில் மன்னன், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அவர் காட்டில் சட்டம் இருக்கும், படிநிலை இருக்கும், யாருக்கு யார் கீழே என்பது தெளிவாக இருக்கும். முகர்ஜியின் காட்டில் அந்த ராணுவ வரிசை கிடையாது. புலி எப்போது தண்ணிக்கு வரும், குரங்கு எதற்குக் கத்தும், வீட்டுச் சுவர் வரைக்கும் காடு வந்து நிற்கும் ஊரில் எப்படிக் கதவைச் சாத்தணும், அதுதான் இருக்கும். காட்டோரம் குடியிருந்தவன் எழுதினது அது.

வரிசையாகப் புத்தகங்கள் வந்தன. 1924-ல் 'ஹரி தி ஜங்கிள் லேட்', 1928-ல் 'கோண்ட் தி ஹன்டர்', 1929-ல் யானைக் கூட்டத்தின் தலைவன் சிர்தாரின் கதை. நடுவில் 1927-ல் வந்ததுதான் பதக்கம் வாங்கிய 'கே-நெக்'. ஒரு புறாவின் கதை.

இந்த இங்கிலீஷ் தலைப்பு இப்போது கேட்க விநோதமாக இருக்கும். அப்போது அந்தச் சொல்லுக்குப் பளபளப்பான, வண்ணமயமான என்றுதான் பொருள். கதையில் புறாவின் நிஜப் பெயர் சித்ரகிரீவன். வண்ணக் கழுத்தன் என்று அர்த்தம். பெயர் எங்கோ கேட்ட மாதிரி இருக்கா? பஞ்சதந்திரத்தில் வலையில் மாட்டிக்கொண்ட புறாக்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வலையோடு பறக்கும் கதை வரும் இல்லையா, அந்தப் புறாக் கூட்டத்தின் ராஜா பெயர் அதுதான். இரண்டாயிரம் வருஷத்துக்கு நெருக்கமான பழைய பெயரைப் புது ஊருக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

கல்கத்தாவில் அப்போது பையன்கள் மொட்டை மாடியில் புறாக் கூண்டு வைத்து, கொடியை ஆட்டி ஆட்டிப் புறாவைப் பறக்கவிடுவார்கள். வடசென்னையில் இது இன்னும் இருக்கு, 'மாரி' படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். சித்ரகிரீவன் அப்படி ஒரு மாடியில் முட்டையிலிருந்து வெளியே வருகிறான். பறக்க பயம். விளிம்பில் உட்கார்ந்தே இருக்கிறான். கடைசியில் அப்பா புறா அவனை நெருக்கி நெருக்கித் தள்ளிவிடுகிறது, விழுகிற விழுப்பில் சிறகு தானாக விரிகிறது. அப்புறம் இமயமலை, கழுகு, புயல், தொலைந்து போவது, மலைமேல் லாமாக்களின் மடம். சில அத்தியாயங்களைப் புறாவே சொல்கிறது.

இங்கே ஒரு சின்ன டெக்னிக்கல் குறிப்பு. தபால் புறா என்றால் நாம் நினைப்பது மாதிரி, விலாசம் சொல்லி அனுப்பினால் போய்க் கொடுத்துவிட்டு வரும் ஸ்விகி டெலிவரி கிடையாது. புறாவுக்குத் தெரிந்தது ஒரே விலாசம், தன் கூண்டு. அதைக் கூடையில் வைத்துத் தூரமாகக் கொண்டுபோய், காலில் சீட்டு கட்டி விட்டால், சூரியனையும் பூமியின் காந்தப் புலத்தையும் பழகிய அடையாளங்களையும் வைத்து வீடு திரும்பும். ஒரு வழிப் பாதை. முதல் உலகப் போரில் இரண்டு பக்கமும் இதைத்தான் நம்பினார்கள். குண்டு விழுந்தால் டெலிபோன் கம்பி அறுந்துவிடும், புறாவுக்குக் கம்பி வேண்டாம். 1918-ல் செர் அமி என்கிற புறா குண்டடிபட்டும் பறந்து வந்து, எதிரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட அமெரிக்கப் படையைக் காப்பாற்ற உதவியது. அதைப் பாடம் செய்து வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். நம்ம நாட்டிலும் ஒடிசா போலீஸ் 1946-ல் ஆரம்பித்துப் பல வருஷம் புறா தபால் நடத்தியது.

சித்ரகிரீவனும் அந்தப் போருக்குப் போகிறான். கோண்ட் என்கிற வயசான வேட்டைக்காரரோடு பிரான்ஸுக்கு, இந்தியப் படை நின்ற முனைக்கு. அந்தப் போரில் பத்து லட்சத்துக்கும் மேலான இந்தியச் சிப்பாய்கள் கடல் கடந்து போனார்கள். மேற்கத்தியக் குழந்தைகள் புத்தகத்தில் அவர்களுக்கு எங்கே இடம்? இவர் ஒரு புறாவின் கூடையில் வைத்து அவர்களை உள்ளே கொண்டுவந்துவிட்டார். புறா சீட்டை எடுத்துக்கொண்டு பறக்கிறது, மேலே 'இயந்திரக் கழுகுகள்', கீழே நெருப்பு. அடிபடுகிறது, ஆனால் சேர்ந்துவிடுகிறது.

சாதாரணமா இங்கே கதை முடிந்திருக்கணும். வீரப் புறா, மெடல், கைதட்டல். முடியவில்லை. காயம் ஆறிவிட்டது, சிறகு சரியாகிவிட்டது, ஆனால் புறா பறக்கவில்லை. பயம். உடம்பில் கோளாறு எதுவும் இல்லை, பறக்க மட்டும் முடியவில்லை. கோண்டுக்கும் அதே கதி. அவர் மனசிலும் போர் முடியவில்லை. இருவரையும் மறுபடி மலைமேல் மடத்துக்குக் கூட்டிப் போகிறார்கள். அங்கே யாரும் அவர்களைக் கோழை என்று திட்டவில்லை, அறிவுரை சொல்லவில்லை. அமைதியாக உட்கார வைக்கிறார்கள், கூடவே உட்காருகிறார்கள். நாள் எடுக்கிறது. பயமும் வெறுப்பும் உடம்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அது ஒரு நோய்தான் என்று புத்தகம் சொல்கிறது. இப்போது பிடிஎஸ்டி என்று ஒரு பெயர் இருக்கு. 1927-ல் பெரியவர்களிடமே அதற்குச் சரியான பெயர் இல்லை, போர்முனையில் பயந்து உறைந்து போனவர்களைச் சில ராணுவங்கள் சுட்டே கொன்றிருக்கின்றன. இவர் அதைப் பத்து வயசுக் குழந்தைக்குப் புறாவை வைத்துச் சொல்லிவிட்டார். நியூபெரி கமிட்டி வேறு எதற்காகக் கொடுத்ததோ தெரியாது, நான் கமிட்டியில் இருந்திருந்தால் அந்தக் கடைசி அத்தியாயங்களுக்காகவே கொடுத்திருப்பேன்.

படங்களைப் பற்றி ஒரு பாரா. வரைந்தவர் போரிஸ் ஆர்ட்சிபாஷெஃப். கார்கிவில் பிறந்து, ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு 1919-ல் அமெரிக்கா வந்த அகதி. கறுப்பும் வெள்ளையுமாக அழுத்தமான கோடுகள். ஒரு வங்காளி எழுத, ஒரு அகதி வரைய, அமெரிக்கக் குழந்தைகளின் சிறந்த புத்தகம் ரெடி. இதே ஆர்ட்சிபாஷெஃப் பின்னாடி டைம் பத்திரிகைக்கு இருநூறுக்கும் மேல் அட்டைப்படம் வரைந்தார். மெஷின்களுக்குக் கண், மூக்கு, கை வைத்து, மெஷின் யோசிக்கிற மாதிரி, கோபப்படுகிற மாதிரி அவர் வரைந்த படங்கள் ரொம்பப் பிரபலம். தேடிப் பாருங்க. மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் வால் மேகஸினுக்கு ஐடியா கிடைக்கும்.

இனி கொஞ்சம் கசப்பான பகுதி.

1923-ல் தன் கோபால் தன் வாழ்க்கைக் கதையை 'காஸ்ட் அண்ட் அவுட்காஸ்ட்' என்ற பெயரில் வெளியிட்டார். அமெரிக்கர்கள் விரும்பிப் படித்தார்கள். அதே 1923-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பகத் சிங் திண்ட் என்பவரின் வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது (இவர் வேற, நம்ம பகத் சிங் இல்லை). அமெரிக்க ராணுவத்திலேயே வேலை பார்த்த சீக்கியர் அவர். இந்தியர்கள் சட்டப்படி வெள்ளையர்கள் இல்லை, அதனால் அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாது என்பது தீர்ப்பு. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த பல இந்தியர்களிடமிருந்து அதைப் பிடுங்கினார்கள். இந்தக் கதவு மறுபடி திறந்தது 1946-ல். அதாவது அமெரிக்கக் குழந்தைகளுக்கு வருஷத்தின் சிறந்த புத்தகம் எழுதியவர் என்று மேடையேற்றிப் பதக்கம் கொடுத்தபோது, அந்த நாட்டின் குடிமகன் ஆகும் தகுதி அவருக்குச் சட்டப்படி இல்லை. பரிசின் விதிக்கு அங்கே வசிப்பவராக இருந்தால் போதும். ஹெச்1பி லாட்டரி பற்றி ஹாஸ்டலில் பேசும்போது இதையும் ஞாபகம் வைத்துக்குங்க.

ஊர் எப்படி? பல வருஷம் கழித்து ஒரு தடவை வந்து பார்த்தார். அண்ணன் ஜாதுகோபால் போலீஸுக்குத் தலைமறைவாக வருஷக்கணக்கில் அலைந்தவர். அந்தச் சந்திப்பை வைத்து 1924-ல் 'மை பிரதர்ஸ் ஃபேஸ்' எழுதினார். அண்ணனை 1923 முதல் 1927 வரை விசாரணையே இல்லாமல் சிறையில் வைத்திருந்தது பிரிட்டிஷ் அரசு. தம்பி புறாக் கதையில் பயம் எப்படிக் குணமாகும் என்று எழுதிக்கொண்டிருந்த நாட்களில் அண்ணன் கம்பிக்குப் பின்னால். அண்ணன் பிறகு ராஞ்சியில் காச நோய் டாக்டராக ரொம்ப காலம் வாழ்ந்தார்.

அமெரிக்காவில் இருந்தபடி இந்தியாவுக்காகப் பேசவும் செய்தார். கேதரின் மேயோ 'மதர் இந்தியா' என்று நம்மை மோசமாகக் காட்டிப் புத்தகம் எழுதினபோது 1928-ல் பதில் புத்தகம் போட்டார். ராமகிருஷ்ணரைப் பற்றி 1926-ல் எழுதிய புத்தகத்தைப் படித்துத்தான் பிரெஞ்சு எழுத்தாளர் ரோமன் ரோலண்டுக்கு அந்தப் பக்கம் ஈர்ப்பு வந்தது. ஜவஹர்லால் நேரு இவருக்கு நண்பர். அதே நேரு 1957-ல் நெய்வேலிக்கு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். ஒருத்தர் மெஷினை விட்டு ஓடினவர், அவருடைய நண்பர் மெஷினை நம்பி நாடு கட்டினவர். இரண்டு பேரும் உட்கார்ந்து இதைப் பேசியிருந்தால் என்ன சண்டை நடந்திருக்கும் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு.

எனக்கு அவரிடம் ஒரு குறையும் உண்டு. சாதியைப் பற்றி எழுதும்போது ரொம்ப மென்மையாகிவிடுகிறார். பூஜை, பாட்டுச் சத்தம், அம்மா சொன்ன கதை என்று வெளிநாட்டுக்காரர் கண்ணுக்கு அழகாக விரிகிறது. அந்த ஊரில் கோவிலுக்குள் விடப்படாதவர்கள் வீடு எந்தப் பக்கம் இருந்தது என்பது அந்தப் பக்கங்களில் அதிகம் வராது. 'அவுட்காஸ்ட்' என்பதைக் கடல் கடந்து கூலி வேலை செய்த தனக்குப் பட்டமாக வைத்துக்கொள்கிறார். பிறப்பிலேயே அந்தப் பெயரைச் சுமந்தவர்களுக்கு அது பட்டம் இல்லை. கடலூர் மாவட்டத்தில் உட்கார்ந்து படிக்கிற நமக்கு அந்த இடத்தில் உறுத்தத்தான் செய்யும். உறுத்தலோடேயே படிக்கலாம்.

1930-களில் உடம்பும் மனசும் சோர்ந்தது. அங்கே குடிமகன் இல்லை, இங்கே ஊர்க்காரனும் இல்லை. எழுதிக்கொண்டுதான் இருந்தார். கீதையை மொழிபெயர்த்தார், அனுமனின் கதையைக் குழந்தைகளுக்காக எழுதினார். 1936-ல் ஒரு புலியின் கதை வந்தது. அந்த வருஷம் ஜனவரியில் கிப்ளிங் லண்டனில் இறந்தார். ஜூலை 14 அன்று தன் கோபால் முகர்ஜி நியூயார்க்கில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். நாற்பத்தாறு வயசு முடிந்து எட்டு நாள்.

சித்ரகிரீவனை மலைமேல் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார ஆள் இருந்தது. எழுதினவருக்கு அந்த நேரத்தில் அப்படி எது கிடைத்தது, எது கிடைக்காமல் போனது என்று வெளியே இருந்து நாம் சொல்ல முடியாது. மனைவி அன்பானவர், நண்பர்கள் நிறைய, பேரும் புகழும் இருந்தது. இதெல்லாம் இருக்கும் ஆளுக்கு அப்படி ஆகாது என்று மட்டும் நினைத்துவிடாதீங்க. நம்ம ஹாஸ்டலிலும் நல்லா சிரிச்சுப் பேசிக்கொண்டே உள்ளே பறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பவர்கள் இருப்பார்கள், ஒருவேளை அது நீங்களாகவே இருக்கலாம். பக்கத்து ரூம் கதவைத் தட்டுங்க. அது கஷ்டம் என்றால் 14416, டெலி மானஸ், எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. தமிழ்நாட்டில் 104-ம் உண்டு.

படிக்க நினைப்பவர்களுக்கு: எழுதியவர் இறந்து 60 வருஷம் தாண்டிவிட்டதால் இந்தியாவில் இவர் எழுத்துக்குக் காப்புரிமை இல்லை. கரியின் கதை குட்டன்பர்க் தளத்தில் இலவசம், ஒரு மதியத்தில் முடித்துவிடலாம், இங்கிலீஷும் எளிமையானது. முதலில் அதைப் படிங்க, அப்புறம் புறா. யாராவது கரியைத் தமிழில் மொழிபெயர்க்க முயற்சி பண்ணினால் அடுத்த இதழில் ஒரு அத்தியாயம் போடத் தயார். தலைப்பை மாற்றவே வேண்டியதில்லை, யானை பெயர் ஏற்கெனவே தமிழ்தான். நம்ம ஊரில் மட்டும் அட்டையில் யானைப் படம் கொஞ்சம் பெரிசா போடணும், இல்லையென்றால் மைனிங் புக் என்று நினைத்து செமஸ்டர் நேரத்தில் எடுத்துவிடுவார்கள்.